துரு ஏறிய பெயர்கள்

கொம்பையா என் வீட்டுக்காரர். பெயரைச் சொல்லித்தான் சொல்லுவேன், யாரும் மூக்கின்மேல் விரலை வைக்க வேண்டாம். கல்யாணமாகிப் பதினோரு வருடம் அந்தப் பெயரை நாக்கில் வைக்காமல் ‘அவுக’ என்றும் ‘இந்தாங்க’ என்றும் காலத்தை ஓட்டியவள்தான் நானும். இப்போது சொல்லுகிறேன். கொம்பையா, கொம்பையா என்று தெருவில் நின்று கூப்பிடுகிறேன், இசக்கியம்மாளை இசக்கியம்மாள் என்றும் அமல்ராஜை அமல்ராஜ் என்றும் வாய் நிறையச் சொல்லுகிறேன், என் பெயர் மாரிக்கனி என்று கேட்காதவர்களிடமும் சொல்லிவைக்கிறேன். காரணம் இல்லாமல் இல்லை.

எங்கள் ஊர் உவர்த்துறை. மூன்று பக்கம் உப்பளம், நாலாவது பக்கம் கடல். அங்கே துருப்பிடிக்காத பொருள் என்று எதுவும் கிடையாது. புது சைக்கிள் வாங்கி வந்து மஞ்சள் குங்குமம் வைத்துச் சூடம் காட்டி முடிப்பதற்குள் மணியில் செம்புள்ளி விழுந்துவிடும், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தால் உள்ளங்கை செங்கல் நிறமாகிவிடும், கதவுக் கீல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குரலில் கத்துவதால் யார் வீட்டுக் கதவு திறக்கிறது என்று படுத்த இடத்திலிருந்தே சொல்லிவிடலாம். அதனால் துருவைப் பார்த்து ஆச்சரியப்படுகிற பழக்கம் எங்களுக்கு இல்லை. பிள்ளைகளுக்குத் துருப்பிடித்தபோதும் நாங்கள் ஆச்சரியப்படவில்லை. பயந்தோம், அவ்வளவுதான்.

கொம்பையா உப்பளத் தொழிலாளர் சங்கத்துத் தொடக்கப் பள்ளியில் எழுத்தர். நான் அதே பள்ளியில் சத்துணவு சமைக்கிறவள். பந்துமுனைப் பேனா எழுத்து எங்கள் ஊர்க் காற்றில் நாலு வருடத்தில் வெளுத்துப்போகும் என்பதால் சேர்க்கைப் பதிவேட்டைக் கட்டைப் பேனாவால், மையில் தொட்டுத்தான் எழுதுவது என்று பள்ளி தொடங்கிய நாளிலிருந்து ஏற்பாடு. கொம்பையா எழுதினால் பெயருக்கு ஒரு முகம் வந்துவிடும். இறங்கும் கோடு தடித்து, ஏறும் கோடு மெலிந்து, ‘ழ’வின் வால் சேலைத் தலைப்பு மாதிரி மடிந்து விழும், கல்யாணப் பத்திரிகை உறைகளைக் கட்டுக் கட்டாகத் தூக்கிக்கொண்டு பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்து நிற்பார்கள்.

அந்த நிப்புக்கு அவர் பார்த்த பத்தியம் எனக்குப் பிள்ளைப்பேற்றின்போதுகூட யாரும் பார்க்கவில்லை. புது நிப்பின் மேல் துருப்பிடிக்காமலிருக்க ஓர் எண்ணெய்ப் பூச்சு இருக்கும், அது போகாவிட்டால் மை நிற்காமல் உருண்டு ஓடும். அதற்காகச் சாம்பாருக்கு வந்த உருளைக்கிழங்கில் ஒன்றை என்னிடம் கேட்டு வாங்கி, அதில் நிப்பைக் குத்தி எடுத்துத் துடைப்பார். எழுதி முடித்ததும் நிப்பைக் கழுத்துவரைதான் தண்ணீரில் காட்டுவார். கட்டையின் வாயில் இருக்கிற தகரப் பூணில் ஒரு சொட்டுக்கூடப் படக் கூடாது, பட்டால் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு வெளியே தெரியாமல் அரிக்கும். பிறகு நிப்பைக் கட்டையிலிருந்து உருவி, பழைய வேட்டித் துணியில் ஒற்றி, வெயிலில் காட்டி, பச்சரிசி போட்ட டப்பாவுக்குள் வைப்பார். நாலு நாள் லீவு என்றால் தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு தடவுவார். “நிப்பைத்தான் கெட்டியிருக்கணும் நீங்க” என்று நான் கேலி செய்வேன். சிரித்துக்கொள்வார்.

எங்களுக்கு ஒரே மகள். ஐந்து வருடம் காத்திருந்து பிறந்தவள். மாமியார் இறந்த வருடம் பிறந்ததால் மாமியார் பெயரையே வைத்தார்கள். மாமியார் பெயரை மருமகள் சொல்லலாமா? நான் பாப்பா என்றேன். பெற்றவள் பெயரைச் சொல்லி மகன் அதட்ட முடியுமா? கொம்பையா ஆத்தா என்றார். தெருவும் பாப்பா என்றே கூப்பிட்டது. பிறப்புச் சான்றிதழைப் பெயர் எழுதும் இடம் காலியாக இருக்கத்தான் தந்தார்கள், பள்ளியில் சேர்க்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று பெட்டியில் வைத்துவிட்டோம். ரேஷன் அட்டையிலும் பாப்பாதான். எங்கள் பக்கத்தில் இப்படிப் பாதிப் பிள்ளைகள் உண்டு.

அந்த வருடம் சரஸ்வதி பூசை ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆகவே பள்ளியில் வெள்ளிக்கிழமை சாயங்காலமே பூசையை வைத்துப் பூட்டிவிட்டு, திங்கட்கிழமை விஜயதசமி அன்று திறந்து புதுப் பிள்ளைகளைச் சேர்ப்பது என்று தலைமையாசிரியர் தாணுமாலயன் சொன்னார். கொம்பையா பொரிகடலை வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். நான்தான் பதிவேடுகளை அடுக்கி வாழையிலை விரித்தேன். சுவாமிக்கு முன்னால் அழுக்காகவா வைப்பது என்று கட்டைப் பேனாவை எடுத்து, நிப்பும் கட்டையுமாகக் குழாயடியில் நீட்டி நன்றாகக் கழுவி, ஈரம் சொட்டச் சொட்ட இலையில் வைத்து, நிப்பின் மேல் சந்தனத்தை அப்பி, அதன் மேல் குங்குமமும் வைத்தேன். பக்தியோடுதான் வைத்தேன்.

கொம்பையா வந்து பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

“உருவித் துடைச்சியா?”

“சந்தனம் வச்சாச்சு. இனிமே தொடக் கூடாது.”

“ஒரு நிமிசம் மாரிக்கனி, உருவிட்டு வச்சிருதேன்.”

“பூசையில வச்சதைத் தொடுவாங்களா? நீங்கதான் படிச்சவுக!”

தாணுமாலயன் சாரும் தொடாதீர் என்றார். சூடம் காட்டினோம், சுண்டல் தின்றோம், கதவைப் பூட்டினோம். மூன்று நாள் கடல் காற்று ஜன்னல் வழியாக வந்து அந்தச் சந்தனத்தைத் தடவிக்கொண்டு கிடந்தது.

திங்கட்கிழமை பத்தொன்பது பிள்ளைகள் வந்தன. தாம்பாளத்து அரிசியில் ஒவ்வொரு பிள்ளையின் விரலையும் பிடித்து ‘அ’ எழுத வைத்துவிட்டுப் பதிவேட்டைத் திறந்தார்கள். கொம்பையா பேனாவை எடுத்தார். காய்ந்த சந்தனம் ஓடு ஓடாகக் கழன்றது, அடியில் நிப்பு முழுக்கப் பழுப்புப் பொட்டுகள். என் முகத்தைப் பார்த்தார். புது நிப்பு பெட்டியில் இருந்தது, உருளைக்கிழங்குதான் இல்லை, லீவு முடிந்து சமையல்கட்டு இன்னும் திறக்கவில்லை.

“கொம்பையா, நல்ல நேரம் முடியப் போவுதுய்யா” என்று அவசரப்படுத்தினார் தாணுமாலயன் சார். “முதல் பேரு உம்ம பிள்ளை பேருதான். எழுதும்.”

கொம்பையா அந்தப் பழைய நிப்பையே தலைமுடியில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, மையில் தொட்டு, முதல் வரியில் என் மகளின் பெயரை எழுதினார். எழுத்தின் ஓரத்தில் செம்மை படர்ந்தது. நின்றிருந்த தாய்மார்கள் எட்டிப் பார்த்துவிட்டு, குங்குமம் கலந்திருக்கிறது, மங்களம், மங்களம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன். பத்தொன்பது பெயரும் அந்த மங்களத்தோடு எழுதப்பட்டன.

ஐப்பசி முதல் மழை பெய்த மறுநாள் காலையில் என் மகளின் தலையணையில் காது வடிவத்தில் ஒரு பழுப்புக் கறை இருந்தது. மருதாணியாக இருக்கும் என்று துவைத்துப் போட்டேன். குளிக்க வார்த்தபோது வாளியடியில் ஓடிய தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடியது, ஈர இரும்பின் வாடை அடித்தது. தலை துவட்டக் கையைத் தூக்கச் சொன்னேன். தூக்கினாள். தோள்மூட்டு ‘கீச்’ என்றது.

“அம்மா, நம்ம கதவு மாதிரி கத்துது” என்று சிரித்தாள். மறுபடி தூக்கச் சொன்னேன். மறுபடி கத்தியது.

ஒரு வாரத்துக்குள் பத்தொன்பது வீட்டிலும் அந்தச் சத்தம் வந்துவிட்டது. சுகாதார நிலையத்திலிருந்து வந்த நர்ஸ், பிள்ளைகளின் முழங்கையைப் பஞ்சால் துடைத்து, பஞ்சை மோந்து பார்த்து, நோட்டில் ‘துரு’ என்று எழுதிக்கொண்டு, வாராவாரம் தருகிற இரும்புச் சத்து மாத்திரையை மட்டும் நிறுத்திவிட்டுப் போனார். இருக்கிற இரும்பே போதும் என்றார். ஊர் தன் வழியில் அதற்குப் பழகிக்கொண்டது. விடிந்ததும் மூட்டுக்கு மூட்டு தேங்காயெண்ணெய் தடவுவது, மழை மூட்டம் போட்டால் பிள்ளையை அரிசி மூட்டைகளுக்கு நடுவில் உட்காரவைப்பது, அழ விடாமல் பார்த்துக்கொள்வது, ஏனென்றால் அழுதால் கன்னத்தில் கோடு விழும், என்று எல்லாத் தாய்மார்களுக்கும் எல்லாம் தெரிந்துபோனது. கோயில் பூசாரி அந்தப் பத்தொன்பது பேருக்குத் தீர்த்தம் தராமல் வெறும் திருநீறு கொடுத்தார். சைக்கிள் கடை அமல்ராஜ் தினமும் மணியடிக்கும் நேரத்தில் எண்ணெய்க் குப்பியோடு பள்ளி வாசலுக்கு வந்து, ஒவ்வொரு பிள்ளையின் முழங்காலுக்குப் பின்னாலும் இரண்டு சொட்டு விட்டு, காலை மடக்கி நீட்டிப் பார்த்து, “ஓடு” என்பார். பிள்ளைகளுக்குக் கூச்சமாக இருக்கும், சிரிக்கும். கண்ணாமூச்சி மட்டும் விளையாட முடியாமல் போயிற்று. எங்கே ஒளிந்தாலும் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சமையல்காரிக்குத் துருவைத் தெரியும். இரும்புச் சட்டியில் முதலில் ஒரு பொட்டு வரும், தேய்த்தால் போகும்; பிறகு பொட்டு படையாகும், தேய்த்தால் செதில் உதிரும்; பார்க்க முழுச் சட்டியாகத்தான் இருக்கும், அடுப்பிலும் நிற்கும், என்றைக்கோ ஒரு நாள் கழுவும்போது விரல் அடியில் புகுந்து அந்தப் பக்கம் வந்துவிடும். என் மகளின் நெஞ்சில் இடது பக்கம் ஒரு பொட்டு வந்திருந்தது. அது படையாகிக்கொண்டிருந்தது. தினமும் சட்டையைத் தூக்கிப் பார்ப்பேன், என் விரலை வைத்து அளப்பேன், அழுத்த மட்டும் மாட்டேன். 

கார்த்திகை பிறக்கும்போது அந்தப் பத்தொன்பதில் ஒருத்தியான பாத்திமாவுக்கு முழங்கால் மடங்கவில்லை. எங்கள் தெரு இசக்கியம்மாள் மகன் தவசி, ஒன்றுக்குப் போக டீச்சரிடம் கேட்கக் கையைத் தூக்கியவன், தூக்கிய கையை இறக்க முடியாமல் அப்படியே வீட்டுக்கு நடந்து போனான். மறுநாள் அவன் முழங்கையிலிருந்து ஒரு செதில் உதிர்ந்தது. உதிர்ந்த இடத்தில் மிளகளவு ஓட்டை. இசக்கியம்மாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஓட்டை வழியாகச் சுவரில் மாட்டியிருந்த காலண்டர் தெரிந்தது.

அன்று மத்தியானம் கொம்பையா சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார். “மாரிக்கனி, ஒரு நிமிசம் வா.” குரலே சரியில்லை. அலுவலக அறையில் பதிவேடு திறந்து கிடந்தது. பழைய பக்கங்களில் எழுத்துகள் எல்லாம் எழுதிய நாள் மாதிரிக் கன்னங்கறுப்பாக இருந்தன. இந்த வருடப் பக்கத்தில் மட்டும் பத்தொன்பது பெயரைச் சுற்றியும் பழுப்பு ஊறியிருந்தது, காகிதம் அப்பளம் மாதிரி மொறுமொறுத்திருந்தது. தவசியின் ‘வ’ இருந்த இடத்தில் மிளகளவு ஓட்டை. முதல் வரியில், என் மகள் பெயரின் நட்டநடு எழுத்து, வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிகிற அளவுக்கு மெலிந்திருந்தது.

“துடைக்காம எழுதினது நான்” என்றார் கொம்பையா.

“கழுவி வச்சது நான்” என்றேன்.



விஷயம் தெரிந்ததும் ஊர் எங்களை அடிக்க வரவில்லை. அடித்திருந்தால்கூடத் தேவலை. எழுத்தைக் கண்டு பயப்பட ஆரம்பித்தது. ஒவ்வொரு வீட்டிலும் பேனாக்களைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டார்கள், ரேஷன் கடையில் கைநாட்டு வைத்தார்கள், பட்டம் வாங்கிய பிள்ளைகளும் கட்டைவிரல் மையோடு திரிந்தார்கள். ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் இல்லாமல் தேதியும் சாப்பாட்டு நேரமும் மட்டும் அச்சடித்துக் கொடுத்தார்கள், யார் கல்யாணம் என்று கேட்டு விசாரித்துக்கொண்டு போய்ச் சாப்பிட்டோம். கொம்பையாவைக் கண்டால் பெண்கள் பிள்ளைகளின் வாயைப் பொத்தினார்கள், பெயரைச் சொல்லிவிடக் கூடாதே என்று.

அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்று கொம்பையா தாணுமாலயன் சாரிடம் கேட்டார். “கிழிச்சா பிள்ளைங்களுக்கு என்ன ஆவும்னு உமக்குத் தெரியுமா?” என்றார் சார். தெரியாது. அடித்தல் திருத்தலும் கூடாது என்று பதிவேட்டின் அட்டையிலேயே எழுதியிருந்தது.

இசக்கியம்மாள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்கிறவள் இல்லை. தவசியைத் தூக்கிவந்து பள்ளிக்கூட முற்றத்தில் பாத்திமா பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, “அருவாமணையில துரு இருந்தா நீ என்ன செய்வ மதினி?” என்று என்னைக் கேட்டாள். எலுமிச்சம்பழம் தேய்ப்பேன் என்றேன். “பிறகென்ன, தேயி” என்றாள். பழத்தை அறுத்துத் துணியில் பிழிந்து, தவசியின் பெயர் மேல் மெள்ள ஒற்றினேன். பழுப்பு கரைந்தது. மையும் கூடவே கரைந்தது. பதறிப்போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்; முற்றத்தில் அவனுடைய கை, பத்து நாளாகத் தூக்கியே நின்ற கை, தானாக இறங்கி மடியில் விழுந்தது, முழங்கை ஓட்டை மூடித் தோலாகியிருந்தது.

இசக்கியம்மாள் வாசலுக்கு ஓடினாள். கூப்பிட வாயைத் திறந்தாள். “ஏ... ஏ...” என்றாள். திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் உயிரில்லை.

“மதினி, எம் மவன் பேரு என்ன?”

எனக்குத் தெரியவில்லை. கொம்பையாவுக்குத் தெரியவில்லை. தாணுமாலயன் சார் சேர்க்கை மனுவை எடுத்துப் பார்த்தார், பெயர் இருந்த இடத்தில் வெறும் கோடுதான் இருந்தது. மூவரும் சிலையாக நிற்க, முற்றத்தில் பாத்திமா மட்டும், அவன் வந்து உட்கார்ந்ததிலிருந்து எப்படிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாளோ அப்படியே, “தவசி, தள்ளி உக்காருல தவசி, காலு வலிக்குல தவசி” என்று நிறுத்தாமல் திட்டிக்கொண்டிருந்தாள். அந்த வாயில் மட்டும் பெயர் மிஞ்சியிருந்தது.

“நிறுத்தாதே பிள்ள! சொல்லிக்கிட்டே இரு!” என்று கத்தினேன்.

கொம்பையா சாம்பலும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்து வெள்ளி மாதிரி வைத்திருந்த அந்த நிப்பால் ‘தவசி’ என்று எழுதினார். கண்ணெதிரே மை பழுத்தது. நிப்பைக் கட்டையிலிருந்து இழுத்தார், பாதி முறிந்துகொண்டு வந்தது. பூணைத் தட்டினார், உள்ளேயிருந்து செம்பொடி கொட்டியது. வெளியே எவ்வளவு துலக்கினாலும் துரு உள்ளேதான் இருந்திருக்கிறது. கட்டையைத் தூர எறிந்தோம். வேப்பங்குச்சி ஒன்றை ஒடித்து, புது நிப்பை நூல் சுற்றிக் கட்டி, உருளைக்கிழங்கில் குத்தியெடுத்துத் துடைத்து, பழுத்த எழுத்தை மறுபடி நான் கரைக்க, பாத்திமா திட்டத் திட்ட அவர் எழுதினார். கறுப்பாக நின்றது. இசக்கியம்மாள் “தவசி” என்று கூப்பிட்டாள். அவன் திரும்பினான்.

ஆக, வழி தெரிந்துவிட்டது. துருவைக் கரைத்தால் பெயரும் போகும். கரைக்கும் நேரத்தில் யாராவது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தால் மட்டும் அந்த வாயில் பெயர் தங்கும். மனத்தில் வைத்துக்கொண்டால் போதாது.

மறுநாள் மழை விட்ட நேரம் பார்த்து இசக்கியம்மாளோடு சேர்த்துப் பதினெட்டு தாய்மாரும் வந்தார்கள். அந்த மத்தியானத்தை எங்கள் ஊர் மறக்காது. ஒவ்வொருத்தியாகப் பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு மேசைக்கு முன்னால் வந்து, கண்ணை மூடிக்கொண்டு, பாத்திமா பாத்திமா பாத்திமா என்றும், முத்துவீரன் முத்துவீரன் முத்துவீரன் என்றும், தொண்டை கட்டும்வரை, மூச்சு முட்டும்வரை சொல்ல, நான் எலுமிச்சைத் துணியால் கரைக்க, கொம்பையா வேப்பங்குச்சிப் பேனாவால் எழுத, வெளியே நிற்கிறவர்களும் பயத்தில் கூடவே சொல்ல, பள்ளிக்கூடமே ஒரு பெயரால் அதிர்ந்து அடங்கி அடுத்த பெயரால் அதிர்ந்தது. பாத்திமா முழங்காலை மடக்கிக் காட்டினாள். அமல்ராஜ் எண்ணெய்க் குப்பியைத் தூக்கிக் கடலில் எறிந்தார்.

எங்கள் முறையை நான்தான் கடைசியில் வைத்தேன். சமைத்தவள் கடைசியில்தான் சாப்பிட வேண்டும் என்று பழகிய புத்தி. அதற்குள் கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. புதிதாகத் துலக்கிய பிள்ளைகள் நனையக் கூடாதே என்று எல்லோரையும் விரட்டினேன். இசக்கியம்மாள் மட்டும், “நானும் கூட நின்னு சொல்லுதேன் மதினி, உம் மவ பேரு...” என்று ஆரம்பித்தாள். “எம் பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன், நீ தவசியைக் கூட்டிட்டு ஓடு” என்றேன். அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லியிருக்க வேண்டாம்.

நான் தயாராகத்தான் இருந்தேன். அன்று விடிகாலை சோறு வடிக்கும்போது, ஆவிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, மாமியாரே மன்னித்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டு, அந்தப் பெயரை உதட்டை மட்டும் அசைத்துச் சொல்லிப் பழகியிருந்தேன். சத்தம்தான் வரவில்லை, நேரத்துக்கு வந்துவிடும் என்று நினைத்தேன். மகளை மேசைமேல் உட்காரவைத்தேன். கொம்பையா பேனாவை மையில் தொட்டுக்கொண்டு, “சொல்லு” என்றார். எலுமிச்சைத் துணியை முதல் வரியில் வைத்தேன். வாயைத் திறந்தேன்.

“பாப்பா” என்றேன். “பாப்பா, பாப்பா, பாப்பா...”

என் காதிலேயே விழுந்தது. நிறுத்த முடியவில்லை. ஐந்து வருடம் அந்தப் பிள்ளையைப் பார்த்து என் நாக்கு சொன்ன சொல் அது ஒன்றுதான், வேறு சொல்லுக்கு அதில் இடமில்லை. கண்ணால் கொம்பையாவைக் கெஞ்சினேன். அவர் முழுப் பலத்தோடு கத்தினார்.

“ஆத்தா! ஆத்தா!”

முதல் வரி கரைந்து வெளுத்துவிட்டது. கொம்பையாவின் கை, பழகிய கை, அதற்குள் ஓர் எழுத்தை எழுதிவிட்டிருந்தது. ‘அ’. அதற்குப் பிறகு பேனா அந்தரத்தில் நின்றது.

“அடுத்து என்னட்டி?” என்றார்.

எனக்குத் தெரியவில்லை. மழை கொட்ட ஆரம்பித்தது. நானும் கொம்பையாவும் இசக்கியம்மாள் வீட்டுக்கு ஓடினோம், “உம் மவ பேரு...” என்று மத்தியானம் நிறுத்திய இடத்திலேயே அவளும் நின்றாள், அதற்கு மேல் வரவில்லை. தொட்டிலில் போட்டு மூன்று தடவை காதில் பெயர் சொன்ன நாத்தனார் பம்பாயில் இருக்கிறாள், போன் போட்டுக் கேட்டோம். “நான்தான் மதினி சொன்னேன், நல்லா ஞாபகம் இருக்கு, இப்போ சொல்லப்போனா வாய்க்குள்ள காத்துதான் இருக்கு” என்று அழுதாள். பெயர் போகும்போது மாமியாரிடமிருந்தும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. மாமியாரையும் ஊர் கொம்பையா ஆத்தா என்றே கூப்பிட்டிருக்கிறது.

நாங்கள் திரும்பி வந்தபோது மகள் முற்றத்தில் மழையில் குதித்துக்கொண்டிருந்தாள். ஒரு மாதமாகத் தண்ணீரே படாத பிள்ளை. மூட்டில் சத்தமில்லை. சட்டையைத் தூக்கிப் பார்த்தேன், நெஞ்சு துடைத்துவிட்ட மாதிரி இருந்தது, விரலை வைத்து அழுத்தினேன், கெட்டியாக இருந்தது, உள்ளே துடித்தது. கட்டிக்கொண்டு அழுதேன். சந்தோஷமா பயமா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

இப்போது அவள் இரண்டாம் வகுப்பு. வருகைப் பதிவு எடுக்கும்போது டீச்சர் “அ” என்பார், “உள்ளேன் டீச்சர்” என்பாள். ஆய்வுக்கு வந்த அதிகாரி இது என்ன என்று கேட்டபோது, இனிஷியல் சார், பெயர் பிறகு வரும் என்று தாணுமாலயன் சார் சமாளித்தார். ஊரும் அதற்குப் பழகிவிட்டது, ‘அ பாப்பா’ என்கிறது. பேனாக்கள் பரணிலிருந்து இறங்கிவிட்டன. கொம்பையா பத்திரிகை உறைகளுக்கு மறுபடி பெயர் எழுதுகிறார், எழுதி முடித்த நிப்பை நான்தான் உருவித் துடைத்து வெயிலில் காட்டி அரிசிக்குள் வைக்கிறேன், பூசைக்கு வைக்கும்போது எண்ணெய் தடவிப் பொட்டில்லாமல் வைக்கிறேன்.

தினமும் அடுப்பை மூட்டுவதற்கு முன்னால் அவளை எதிரில் உட்காரவைத்து, ‘அ’வில் தொடங்கும் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லுகிறேன். அன்னக்கிளி, அமராவதி, அங்கயற்கண்ணி, அலமேலு, அரியநாச்சி, அழகம்மை என்று வாய் வலிக்கச் சொல்லுகிறேன். ஏதாவது ஒன்றை எடுத்து வைத்துவிடேன் என்கிறார்கள். வைத்துப் பார்த்தோம். கொம்பையா எழுதுவார், நல்ல கறுப்பு மையில், நல்ல நிப்பில். மறுநாள் பார்த்தால் ‘அ’வுக்குப் பின்னால் காகிதம் வெள்ளையாக இருக்கும். அவளும் திரும்ப மாட்டாள். பாப்பா என்றால் மட்டும் எங்கிருந்தாலும் ஓடி வருவாள்.

நேற்றுச் சாயங்காலம் ஐப்பசி மழைக்கு முதல் மேகம் கூடியது. நான் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன், அவள் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகத் தலையாட்டி மறுத்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

“நீயும் அப்பாவும் செத்துப்போனா, என்னய என்னன்னும்மா கூப்பிடுவாங்க?”

 எழுந்து போய் அவள் தலையணையை எடுத்து, பழுப்புக் கறை ஏதும் ஊறியிருக்கிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.